கோடிங் ஏஜென்ட் கையால் திருத்தணுமா, கருவி திருத்தணுமா?

ராயபுரம் ஜாவா:
பாரிமுனை கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களுக்கான ஜாவா மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறோம். அதில் கெட்ரேட் என்ற மெத்தட் சுங்கவரி கிளாஸிலும் உண்டு, கிரவுண்ட் ரென்ட் (யார்டில் சரக்கு கிடப்பதற்கான வாடகை) கிளாஸிலும் உண்டு. ஒன்றை மட்டும் பெயர் மாற்று என்று கோடிங் ஏஜென்ட்டிடம் (கோட் எழுதித் திருத்தும் ஏஐ-யிடம்) சொன்னால், க்ரெப் போட்டு, அதாவது வெறும் எழுத்துப் பொருத்தம் பார்த்துத் தேடி, ஃபைல் ஃபைலாகத் திறந்து, எது எந்த கிளாஸுடையது என்று ஊகித்துத் திருத்துகிறது. டோக்கன், அதாவது ஏஐ பயன்பாட்டை எண்ணும் அலகு, கரைவதுகூடப் பரவாயில்லை. போகிற போக்கில் பக்கத்துக் கமென்ட்டை எடுத்துவிடுகிறது, கேட்காமலே ஒரு ட்ரை-கேட்சை மாற்றிவிடுகிறது, அதையெல்லாம் டிஃப்பில் (எந்த வரி மாறியது என்று காட்டும் பட்டியலில்) தேடிப் பிடிக்கிற வேலை நம் தலையில் விழுகிறது. ஐடிஇ-யில் (கோட் எழுதும் மென்பொருளில்) ரீநேம் அழுத்தினால் டைப் பார்த்து, அதாவது எது எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று பார்த்து மாற்றும். அதே வசதி 2016-ல் வந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலிலும் (எடிட்டர்களுக்கு இப்படிப்பட்ட வசதிகளைக் கொடுக்கும் பொது நெறிமுறை) இருக்கிறது, ஏஐ-யைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி வழியாக ஏஜென்ட்டுக்குக் கொடுத்துவிடலாம். பெயர் மாற்றுவது, கிளாஸை நகர்த்துவது, இதையெல்லாம் ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல் கையால் எழுதவே விடக் கூடாது.

பெரம்பூர் பிஎச்பி:
அண்ணா, டைப் இருக்கிற மொழியில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் சட்டம் போடாதீங்க. மணலிப் பக்கம் யார்டு பில்லிங்குக்கு நாங்கள் பார்க்கிற பழைய பிஎச்பி-யில் எந்த மெனுவுக்கு எந்த ஃபங்ஷன் என்பதே டேட்டாபேஸ் டேபிளில் வெறும் ஸ்ட்ரிங்காக இருக்கிறது. கருவிக்கு அது தெரியாது. ஆனால் எல்லாம் மாற்றியாச்சு என்று பதில் கொடுக்கும், ஏஜென்ட்டும் நம்பிவிடும், மறுநாள் லாரி வரிசையில் நிற்கும்போது கேட் பாஸ் அடிக்காது. க்ரெப்புக்கு டைப் புரியாது, சரி. ஆனால் டெம்ப்ளேட்டிலும் எஸ்க்யூஎல் ஃபைலிலும் இருப்பதைக் காட்டிவிடும்.

ராயபுரம் ஜாவா:
க்ரெப்பை விடச் சொல்லவில்லையே, தம்பி. முதலில் கருவி மாற்றட்டும், அப்புறம் பழைய பெயர் எங்கே மிச்சமிருக்கிறது என்று ஏஜென்ட் தேடட்டும். அந்த மிச்சத்துக்கு மட்டும் மாடலின் யோசனை போதும்.

பெரிய மாற்றம் என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். 2020-ல் நிறுவன ஜாவா மென்பொருளுக்கான தரநிலையான ஜகார்த்தா இஇ 9 வந்தபோது ஜாவாஎக்ஸ் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா ஆயின, ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3-க்குப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கடந்தாக வேண்டும். ஆனால் எல்லா ஜாவாஎக்ஸும் மாறவில்லை. சர்வ்லெட் மாறியது, ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல் ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகே-யிலேயே அப்படியே நிற்கிறது. கண்மூடித்தனமாக மாற்றினால் பில்டே ஓடாது. கோடைத் தானாக மாற்றும் ஓபன்ரீரைட் கருவியில் இதற்கென்றே ரெசிப்பி, அதாவது தயாராக எழுதிவைத்த விதித்தொகுப்பு இருக்கிறது, எது மாறும் எது மாறாது என்பதை அது ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிப்பதில்லை.

திருவொற்றியூர் டெஸ்டர்:
கருவி என்றாலே பத்திரம் என்ற தொனிதான் எனக்கு உறுத்துகிறது. எக்லிப்ஸ், நெட்பீன்ஸ் என்ற இரண்டு ஐடிஇ-களின் ரீஃபாக்டரிங் (நடத்தை மாறாமல் கோடைத் திருத்துவது) வசதிகளையும் தானாகப் புரோகிராம்களை உருவாக்கிச் சோதித்த ஆய்வு 2007-லேயே வந்தது, இரண்டிலும் பிழைகள் அகப்பட்டன. மாற்றிய பிறகு கோட் முன்போலவே நடக்க என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்பது 1992-ல் ரீஃபாக்டரிங் பற்றி வந்த ஆப்டைக்கின் ஆய்வேட்டிலிருந்தே பேசப்படுகிறது, இன்னும் முழுசாகத் தீரவில்லை. டெஸ்ட் இல்லாத கோடில் யார் திருத்தினாலும் எனக்கு ஒன்றுதான்.

பெரம்பூர் பிஎச்பி:
அதேதான். அப்புறம் அந்த ஜகார்த்தா ரெசிப்பி, உலகத்துக்கே தேவைப்பட்டதால் யாரோ எழுதிவைத்தார்கள். எங்கள் கிளையன்ட்டின் ரேட் டேபிளுக்கு யார் எழுதுவார்கள்?

ராயபுரம் ஜாவா:
ஏஜென்ட்டே எழுதட்டும். விதி கொடுத்தால் கோடைத் திருத்தும் கருவிகள் உண்டு: உங்கள் பிஎச்பி-க்கு ரெக்டர் இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜேஎஸ்கோட்ஷிஃப்ட், பல மொழிகளுக்கு ஏஎஸ்டி-க்ரெப். சின்ன விதி ஒன்றை மாடல் எழுதினால், நாம் படிக்க வேண்டியது அந்த விதியைத்தான், நூற்றுக்கணக்கான ஃபைல்களின் டிஃப்பை அல்ல. தப்பென்றால் ஜிட்டில் பின்னால் போய், விதியைத் திருத்தி மறுபடி ஓட்டலாம். கையால் எழுதிய மாற்றத்தில் ஒவ்வொரு ஃபைலிலும் வேறு வேறு தப்பு இருக்கும்.

திருவொற்றியூர் டெஸ்டர்:
இது நியாயமான வாதம். ஆனால் விதி எழுதினவன் நினைத்துப் பார்க்காத வடிவில் கோட் இருந்தால் விதி சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். எரர் வராது. மாறாமல் விட்டவை எவை என்ற பட்டியல் வராத வரை அந்த மெர்ஜை (முதன்மைக் கோடில் சேர்ப்பதை) நான் விடமாட்டேன்.

பெரம்பூர் பிஎச்பி:
புது மாட்யூலில் டைப் போட்டிருக்கிறோம், அங்கே ரெக்டர் ஓட்டிப் பார்க்கிறேன். மெனு டேபிள் வழியாக ஓடுகிற பழைய பகுதியைத் தொட விடமாட்டேன், அண்ணா, இதில் நான் மாறப்போவதில்லை. முதலில் எந்த ஃபங்ஷனெல்லாம் நிஜமாகக் கூப்பிடப்படுகிறது என்று லாக் எடுக்கணும், அதுவும் மாதக் கடைசி பில் ஓடி முடிகிற வரைக்கும்.

ராயபுரம் ஜாவா:
எடுங்க. அந்த லாக்கையும் மெனு டேபிளின் டம்ப்பையும் கோட் இருக்கும் ரெப்போவிலேயே போட்டுவையுங்க, ஏஜென்ட் தேடும்போது அந்த ஸ்ட்ரிங்குகளும் கண்ணில் படும்.