ஓஜா போர்டில் 'குட்பை' சொல்லாமல் எழுந்துவிட்டோம், ஏதாவது ஆகுமா?

ராக்கோழி:
சிரிக்காமல் படியுங்கள். போன சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் கரண்ட் போய்விட்டது. நாலு பேர் சும்மா இருக்க முடியாமல், ஆவியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம் என்று பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் எழுதி, மேலே யெஸ், நோ, கீழே குட்பை என்று போட்டு, ஒரு நாணயத்தின் மேல் ஆளுக்கொரு விரல் வைத்து உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் நகர ஆரம்பித்தது பாருங்கள், நான் சத்தியமாகத் தள்ளவில்லை, மற்றவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். யார் வந்திருப்பது என்று கேட்டோம். என் ரூம்மேட்டின் இறந்துபோன பாட்டி பெயரை எழுத்து எழுத்தாகக் காட்டியது. எங்கள் மூவருக்கும் அதுவரை அந்தப் பெயரே தெரியாது. அவள் அலறியதில் எல்லோரும் கையை எடுத்துவிட்டோம்.

இப்போது அவள் லைட்டை அணைக்க விடுவதில்லை. குட்பை சொல்லாமல் எழுந்தால் வந்தது திரும்பிப் போகாதாம், அட்டையை எரிக்கவும் கூடாதாம், நெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அட்டை என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இந்த விதியெல்லாம் எங்கிருந்து வந்தது? எத்தனை வருஷத்துப் பழசு?

பழையபேப்பர்:
ஏதோ ஆதிகாலத்து மந்திரப் பலகை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இது பேட்டன்ட் வாங்கி விற்ற விளையாட்டுச் சாமான்.

ஆவியோடு பேசும் மோகம் அமெரிக்காவில் 1848-இல் கிளம்பியது. நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் என்று இரண்டு சிறுமிகள், கேள்வி கேட்டால் ஆவி 'டக் டக்' என்று தட்டிப் பதில் சொல்கிறது என்றார்கள். நாற்பது வருஷம் கழித்து அவர்களில் ஒருத்தி மேடையேறி, அது எங்கள் கால்விரல் மூட்டைச் சொடுக்கிய சத்தம் என்று செய்துகாட்டினாள். (மறுவருஷமே அந்த வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினாள், அது வேறு கதை.) தட்டலை எண்ணி எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும் இல்லையா, அதனால் எழுத்துகளையே பலகையில் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. 1890-இல் பால்டிமோரில் சில வியாபாரிகள் கம்பெனி ஆரம்பித்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

பெயர்க் கதை இதைவிட ருசி. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'ஆமாம்' என்பதற்கான இரண்டு சொற்களை ஒட்டி வைத்தது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், அது பின்னால் கட்டிய கதை. பங்குதாரர் எலைஜா பாண்டின் மைத்துனி ஹெலன் பீட்டர்ஸ் பலகையிடமே உன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். வந்த சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் 'நல்லதிர்ஷ்டம்' என்றதாம். அவர் கழுத்தில் இருந்த லாக்கெட்டில் ஒரு பெண்ணின் படமும் கிட்டத்தட்ட அதே பெயரும் இருந்தன. 1891 பிப்ரவரியில் பேட்டன்ட் கிடைத்துவிட்டது.

விதிகளைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய பெட்டியில் இருந்த செய்முறைக் குறிப்பு என்ன சொல்கிறது தெரியுமா? இரண்டு பேர் முழங்கால் மேல் பலகையை வையுங்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருந்தால் நல்லது. அவ்வளவுதான், காதலர்களுக்கான சாமான்! 1967-இல் மோனாப்பலி என்ற பிரபல விளையாட்டைவிட அதிகமாக விற்றது. மதத் தலைவர்கள் அதற்கு முன்பும் கண்டித்ததுண்டு, ஆனால் வீட்டுக்கு வீடு பயம் புகுந்தது 1973-இல் 'தி எக்ஸார்சிஸ்ட்' பேய்ப் படம் வந்த பிறகுதான் என்பது என் எண்ணம்.

நடுநிசி_நாயகன்:
பெட்டியில் என்ன எழுதியிருந்தால் என்ன, வேலை செய்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பேர்ல் கர்ரன் என்று ஒரு குடும்பத் தலைவி, 1913-இலிருந்து 'பேஷன்ஸ் வொர்த்' என்ற பதினேழாம் நூற்றாண்டுப் பெண் இந்தப் பலகை வழியாகச் சொன்னதாகக் கவிதையும் நாவலுமாகக் கொட்டினார். அதிகம் படிக்காதவர். அதற்கு என்ன சொல்வீர்கள்? ராக்கோழி, அட்டையை எரிக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

அரைவட்டம்:
அப்படியானால் ஜப்பான்காரர்கள் எல்லோரையும் இந்நேரம் பேய் பிடித்திருக்க வேண்டும் நண்பரே. அங்கே 'கொக்குரி-சான்' என்று இதே ஆட்டம், 1880-களிலேயே பரவியது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் பத்து யென் நாணயத்தை வைத்து ஆடுவார்கள். அங்கே காகிதத்தைக் கிழித்துப் போடு, இல்லை எரித்துவிடு, நாணயத்தைச் சீக்கிரம் செலவழித்துவிடு, கையில் வைத்திருக்காதே என்று விதி. இங்கே எரிக்காதே, அங்கே எரி. ஆவி ஊருக்கு ஊர் சட்டம் மாற்றுமா?

நாணயம் நகர்வது உங்கள் விரலால்தான், ஆனால் நீங்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கையை ஆட்டாமல், அது வட்டமாகச் சுற்றுகிறது என்று மனசில் நினைத்துப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் சுற்றும். நினைப்பே தசையைத் தொட்டுவிடுகிறது. 1852-இல் கார்ப்பென்டர் என்ற மருத்துவர் இதற்கு 'ஐடியோமோட்டர்' என்று பெயர் வைத்தார். மறுவருஷம் மைக்கேல் ஃபாரடே, ஆமாம் மின்சார ஃபாரடேதான், 'ஆவி' மேசையை நகர்த்துவதைச் சோதித்தார். கைக்கும் மேசைக்கும் நடுவில் அட்டைகளை லேசாக ஒட்டி அடுக்கினார். மேசை முதலில் நகர்ந்தால் அடி அட்டைதான் முன்னால் போக வேண்டும், போனதோ மேல் அட்டை, அதாவது கை. அப்புறம் கை அசைவதைக் காட்டும் முள் ஒன்றை அவர்கள் கண்ணெதிரே வைத்ததும் மேசை நகர்வதே நின்றுவிட்டது.

கர்ரன் விஷயமும் அதேதான், ஆளுக்கே தெரியாத சரக்கு உள்ளே கிடக்கும். 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆமாம்-இல்லை கேள்விகள் கேட்டார்கள். 'தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்கிறேன்' என்ற கேள்விகளில் வாயால் சொன்னபோது பாதிதான் சரி. ஓஜா போர்டில் கிட்டத்தட்ட 65 சதவீதம் சரி. கண்ணைக் கட்டியிருந்ததால், எதிரே இருந்தவர் கையை எடுத்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது, அதாவது நகர்த்தியது அவர்கள் கை மட்டும்தான்.

நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், ஐந்தாவது ஆள் அட்டையை அரைவட்டம் சுற்றி வைக்கட்டும். ஆவிக்கு என்ன, அதற்குத் தெரியாமலா போகும்?

ராக்கோழி:
நேற்று செய்து பார்த்தோம். யெஸ் இருந்த பழைய இடத்துக்கே நாணயம் போனது, அங்கே இப்போது வெறும் அட்டை. மற்றதெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துகள். ரூம்மேட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, அன்றைக்குப் பெயர் சரியாக வந்ததே என்கிறாள்.

பழையபேப்பர்:
பெயரை இங்கே போட வேண்டாம். அதில் ழ, ற, ண மாதிரி ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் எழுத்து ஏதாவது இருக்கிறதா?

ராக்கோழி:
ழ இருக்கிறது. அன்றைக்கு இசட், எச் என்று வந்தது. நானாக இருந்தால் எல் போட்டிருப்பேன், மற்ற இரண்டு பேரும் எல்தான் என்கிறார்கள்.

பழையபேப்பர்:
பாட்டி ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவாரா?

ராக்கோழி:
கேட்டேன். பாட்டிக்கு ஆங்கிலமே தெரியாதாம். ஆஸ்பத்திரி ஃபாரம் முதல் இறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் வரை பாட்டி பெயரை ஆங்கிலத்தில் எழுதியது இவள்தான், எப்போதும் இசட், எச். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் எழுந்துபோய் லைட்டை அணைத்தாள்.

அட்டையைக் கிழித்துப் போட்டாயிற்று. நாணயத்தைக் கேட்டேன், தரமாட்டேன் என்கிறாள்.

அரைவட்டம்:
அது இருந்துவிட்டுப் போகட்டும், கேட்காதீர்கள்.