இஞ்சி பீர் பொங்கி மூடி பறந்துவிட்டது, மீதியை என்ன செய்வது?

பெரம்பூர்வாசி:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெயரில்தான் பீர். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், அவ்வளவுதான். துருவிய இஞ்சிக்குத் தினம் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஐந்து நாள் புளிக்கவைத்த கரைசல்தான் உறை. ஜனவரியில் செய்தபோது மூன்று நாள் சாதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இப்போது கத்திரி வெயில். 5 லிட்டர் ஊறுகாய் ஜாடியில் கழுத்துவரை ஊற்றினேன், அரை கிலோ சர்க்கரை. மூடியில் ஓட்டை போட்டு ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாய் செருகிவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலை மூன்றரைக்கு ‘டப்’ என்று சத்தம். சிலிண்டர் என்று நினைத்து அம்மா ஓடிவந்தார். மூடி மிக்ஸி மேல் கிடந்தது. குழாய்க்குள் இஞ்சி நார் அடைத்திருந்தது. சுவரில் முருகன் காலண்டர், அவர் முகமெல்லாம் நுரை. விடிவதற்குள் பரண்வரை எறும்பு வரிசை. அம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நாலு லிட்டர் மீதி இருக்கிறது. கோலி சோடா பாட்டில் ஆறு வைத்திருக்கிறேன். அடைத்துவிடலாமா?

பழைய_லீட்ஸ்காரன்:
ஐயோ, வேண்டவே வேண்டாம். சோடா கடையில் அளந்து கேஸ் ஏற்றுகிறார்கள். உங்கள் ஜாடியில் ஈஸ்ட் கணக்குப் பார்க்காது. ஒரு கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய கால் லிட்டர் கேஸ் வரும். உங்கள் அரை கிலோவில் கால்வாசி புளித்தாலே 30 லிட்டர். அதைக் கண்ணாடிக்குள் பூட்டினால் வெடிகுண்டுதான்.

இங்கிலாந்தில் இருந்தபோது வீட்டில் பீர் போட்டிருக்கிறேன். அங்கே 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. இங்கே 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அதனால் மால்ட் (பீருக்கான முளைகட்டிய பார்லி) பக்கம் போய்விடாதீர்கள். இஞ்சியையும் நாள்கணக்கில் விட்டால் போதை ஏறும், இரண்டு நாளில் ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

பொங்குவதற்கு வைத்தியம் பீருக்கும் இஞ்சி பீருக்கும் ஒன்றுதான். மெல்லிய குழாயைத் தூக்கிப் போடுங்கள். ஹார்டுவேர் கடையில் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் கேளுங்கள், அரை அங்குலம். ஒரு முனை மூடியில், பானத்தைத் தொடாமல். மறுமுனை பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீருக்குள் ஓர் அங்குலம் முங்கியிருக்கட்டும். நுரை வந்தாலும் அந்த வழியாகப் போய்விடும். இஞ்சியைத் துணியில் கட்டிப் போடுங்கள், நார் அடைக்காது.

மாவு_மாமி:
ஏன் தம்பி, மே மாதத்தில் இட்லி மாவை யாராவது பாத்திரம் கழுத்துவரை ஊற்றுவார்களா? பாதி, மிஞ்சினால் முக்கால். வெயில் காலத்தில் உறையையும் பாதியாகக் குறைக்க வேண்டும். ஜனவரி அளவு ஜனவரிக்குத்தான்.

பழைய_லீட்ஸ்காரன்:
மாமி சொல்வது சரி. சூடுதான் வில்லன். ஏல் என்ற பீர் வகைக்குப் போடும் சாதாரண ஈஸ்ட் கேட்பது 18 முதல் 22 டிகிரி. நம் சமையலறையில் ராத்திரியே 30 இருக்கும், புளிக்கும்போது ஜாடிக்குள் அதைவிடக் கூடும். அந்தச் சூட்டில் நெயில் பாலிஷ் வாடை வேறு வரும். ஈரத்துணி சுற்றுவது மதுரைக்குச் சரி, நம் கடற்கரை ஈரக்காற்றில் அரைகுறைதான். ஜாடியைத் தண்ணீர் டப்பில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். கடைசியில் அடைப்பது பிளாஸ்டிக் சோடா பாட்டிலில். அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜ். குளிரில் ஈஸ்ட் தூங்கும், சாகாது. ஒரு வாரத்தில் குடித்துவிடுங்கள்.

பெரம்பூர்வாசி:
நேற்று டியூப் வாங்கினேன். மீதியை இரண்டு ஜாடியாகப் பிரித்து, டப்பில் ஐஸ் பாட்டிலோடு வைத்திருக்கிறேன். முதலில் குளுக் குளுக் என்று ஓயாத சத்தம். இப்போது நாலைந்து விநாடிக்கு ஒரு குமிழி. அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, ‘இது எப்போ தீரும், எனக்கு டப் வேணும்’ என்றார். பேசிவிட்டார்! காலண்டரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. துடைக்கத் துடைக்க எறும்பு வருகிறது.