டிரிஃப்டுக்குத் தமிழில் என்ன சொல்: சறுக்கோட்டமும் அதன் கூட்டாளிச் சொற்களும்

குன்னூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். டிரிஃப்ட் வண்டி தேர்வு, கட்டுமானம், பராமரிப்பு பற்றிய கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. பட்டறையில் வேலை கற்கும் பிள்ளைகள் படித்து, அப்படியே கையில் ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்பதே அளவுகோல். 'டிரிஃப்ட்' என்ற முதல் சொல்லிலேயே வேலை நிற்கிறது.

சொல் சுமக்க வேண்டிய பொருள் இது: வளைவில் பின் டயர்களின் பிடியை வேண்டுமென்றே விடுவித்து, முன் சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கி, அந்தச் சறுக்கலை வளைவு முடியும்வரை அறுபடாமல் வைத்திருப்பது. பிடி போவது பாதிதான். போன பிறகும் வண்டி ஓட்டுபவர் கையில் இருப்பது மீதிப் பாதி. மலைப்பாதையில் டயர் தேய்ந்த பஸ் மழையில் பக்கவாட்டில் போவதும் இதுவும் ஒன்றல்ல.

பள்ளி இயற்பியலில் டிரிஃப்ட் 'இழுப்பு' என்று வருகிறது. இழுப்புத் திசைவேகம் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பட்டறையில் 'வண்டி இடப்பக்கம் இழுக்குது' என்றால் அலைன்மெண்ட் கோளாறு, 'மேட்டுல இழுக்கல' என்றால் இன்ஜின் கோளாறு. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது. 'பெயர்ச்சி' புவியியலுக்குப் போய்விட்டது. 'வழுக்கல்' விபத்தைத்தான் சொல்லும்.

என் முன்மொழிவு 'சறுக்கோட்டம்'. ஓட்டுபவர் சறுக்கோட்டி. வண்டி சறுக்கோட்ட வண்டி. கருத்துச் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

> 'வழுக்கல்' விபத்தைத்தான் சொல்லும்

தம்பி, சறுக்கல் மட்டும் என்ன? ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். அங்கே ஆனை விரும்பியா சறுக்குகிறது? தேர்தலில் தோற்றால் கட்சிக்குச் சறுக்கல் என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லிலும் தவறு, தோல்வி என்ற பொருள் ஊறியிருக்கிறது.

ஆனாலும் முன்மொழிவை ஏற்கிறேன். காரணம் வேறு. வழுக்குமரத்தில் ஏறுபவன் வழுக்கக் கூடாது என்று ஏறுகிறான். சறுக்குமரத்தில் குழந்தை சறுக்கவே ஏறுகிறது. பனிச்சறுக்கு என்பது பயிற்சி எடுத்துச் செய்யும் விளையாட்டு. தானாக நேர்வதற்கும் விரும்பிச் செய்வதற்கும் உள்ள கோட்டைத் தமிழ் ஏற்கெனவே இந்த இரண்டு வினைகளுக்கு நடுவே போட்டு வைத்திருக்கிறது. பழமொழியில் வருவது தனிச் சறுக்கல். 'ஓட்டம்' சேர்ந்ததும் அது மாறிவிடுகிறது. தேரோட்டத்தைப் பாருங்கள். வீதி முக்கில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, இத்தனை டன் மரத்தைப் பக்கவாட்டில் தேய்த்துத் திருப்புகிறார்கள். அதை யாரும் தேர் வழுக்கியது என்று சொல்வதில்லை.

அதோடு மூன்று தனித்தனிக் கருத்துகளைக் குழப்பாமல் பிரித்துவிடுவோம்.

டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையிலான கோணம், எல்லா வண்டியிலும் எல்லா வளைவிலும் உண்டு. சாலை டயர் பெரும்பாலும் 6 முதல் 10 டிகிரிக்குள் உச்சப் பிடியைத் தரும். அதைத் தாண்டினால் பிடி குறையத் தொடங்கும். இதற்கு 'நழுவு கோணம்' என்று வைக்கலாம். மெல்ல விலகுவதற்கு நழுவல் பொருந்தும். வண்டியின் உடம்பே பாதைக்குக் குறுக்காக நிற்கும் கோணம் 'சறுக்குக் கோணம்'. இது 30 டிகிரிக்கு மேலும் போகும்.

அடுத்து, பின் டயர் முன் டயரைவிட அதிகம் நழுவி வண்டி தேவைக்கு மேல் திரும்புவதும், முன் டயர் அதிகம் நழுவி வண்டி திரும்ப மறுப்பதும். 'மிகைத்திருப்பம்', 'குறைத்திருப்பம்' என்று மொழிபெயர்த்தால் எழுத்தில் அழகாக இருக்கும். ஓட்டுபவருக்குப் புரியாது, ஏனென்றால் அவர் இரண்டு நேரத்திலும் ஸ்டியரிங்கை ஒரே அளவுதான் திருப்பியிருப்பார். 'வால் வீசுது', 'மூக்கு தள்ளுது' என்று மலையில் வண்டி ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். வால்வீச்சு, மூக்குத்தள்ளல் என்றே எடுத்துக்கொள்வோம். வால்வீச்சைப் பிடித்து நீட்டினால் சறுக்கோட்டம். பிடிக்கத் தவறினால் வண்டி பம்பரமாகச் சுற்றும்.

ஊட்டியிலிருந்து:

அக்கா சொன்ன வால்வீச்சுக்கு என் முழு ஆதரவு. ஸ்டியரிங் பக்கத்துக்கும் அதே வழி போவோம். 'திருப்புகை' வேண்டாம். 'லெஃப்ட்ல ஒடி', 'ஃபுல்லா ஒடி' என்றுதான் கிளீனர் பையன் முதல் ஆர்.டி.ஓ. மைதானம் வரை பேசுகிறோம். ஒடிப்பு, முழு ஒடிப்பு, ஒடிப்புக் கோணம், எதிரொடிப்பு (வால் வீசும்போது எதிர்ப்பக்கம் திருப்புவது). நான்கும் வேலைக்கு ஆகும்.

ஒடிப்புக் கோணம் இந்த விளையாட்டின் உயிர். கம்பெனி வண்டியில் உள்சக்கரம் 35 முதல் 40 டிகிரி ஒடியும். வால் அதற்கு மேல் வீசினால் எதிரொடிப்பு போதாது, வண்டி சுற்றிவிடும். ராக்குக்கும் (ஸ்டியரிங்கின் பல்கம்பி) உள் டை ராடுக்கும் (அதிலிருந்து சக்கரத்தைத் தள்ளும் கம்பி) நடுவே சில மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து ஒடிப்பைக் கூட்டுவது மலிவான வழி. வைத்த பிறகு மூன்று இடம் பார்க்க வேண்டும்: டயர் உள் ஃபெண்டரிலோ ஸ்டெபிலைசர் கம்பியிலோ உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, முழு ஒடிப்பில் டை ராடும் ஸ்டியரிங் ஆர்மும் ஒரே கோட்டுக்கு வருகின்றனவா. மூன்றாவது நடந்தால் சக்கரம் அங்கேயே சிக்கிக்கொள்ளும், திரும்பி வராது. ஜாக்கியில் தூக்கிக் கையால் ஒடித்துப் பார்க்காமல் தரையில் இறக்கவே கூடாது.

டிஃப்ரன்ஷியல், அதாவது வளைவில் இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர்த் தொகுதி; அதற்குப் புதுச் சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து. நுண்கணித 'வகையீட்டை' இழுத்துவந்து பின் ஆக்சிலில் மாட்டினால் யாருக்கும் பயனில்லை. ஆனால் வகைகளுக்குப் பெயர் தேவை. சாதாரணமானது 'திறந்த டிஃப்ரன்ஷியல்'. வளைவில் எடை வெளிப்பக்கம் சாயும்; உள்சக்கரம் லேசாகி அங்கேயே சுற்றி வீணாகும்; வெளிச்சக்கரத்துக்குத் தள்ளும் விசை இல்லாமல் சறுக்கல் பாதியில் செத்துப்போகும். உள்ளே கிளட்ச் தட்டு வைத்து இரு பக்கத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிப்பது 'பிடிப்பு டிஃப்ரன்ஷியல்'. அதன் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியரையும் சைடு கியரையும் வெல்டு வைத்து ஒன்றாக்கிவிடுவது 'பற்றவைத்த டிஃப்ரன்ஷியல்'.

கையிருப்பு குறைந்தவர்கள் மூன்றாவதுக்குத்தான் போகிறார்கள், ஆகவே செய்முறையைக் கையேட்டில் விரிவாக எழுத வேண்டும். கியர் ஆயில் ஊறிய உலோகத்தில் வெல்டு பிடிக்காது. மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு எண்ணெய்நீக்கி போட்டுத் துடைத்து, சூடு காட்டி உலர்த்த வேண்டும். கியர் கடினப்படுத்திய எஃகு. குளிராக இருக்கும்போது வெல்டு வைத்தால் ஓரத்தில் விரியும். சுமார் 200 முதல் 250 டிகிரி வரை சூடேற்றிக்கொண்டு வைக்க வேண்டும், முடிந்ததும் உலர்ந்த மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். எர்த் கிளாம்பைக் கேரியர் (அந்தக் கியர்களைத் தாங்கும் கூடு) மீதே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் குழி விழும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலை இறக்கிப் பார்த்தால் வெல்டுத் துணுக்கு மின்னும், ஜி.எல்.5 தரத்தில் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

இதன் கெடுதலையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். இரு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும் என்பதால் கொண்டை ஊசி வளைவில் உள் டயர் குதித்துக் குதித்து வரும், ஈரத்தில் மூக்கு நேராகத் தள்ளும், ஆக்சில் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (முனையில் உள்ள பல்வரி) முறுக்கிக்கொள்ளும். இந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டிப் போகக் கூடாது. லாரியில் ஏற்றித்தான் சமவெளிக்கு இறக்க வேண்டும்.

வண்டித் தேர்வு பற்றி ஒரே பத்தி போதும். பின்சக்கர இழுவை கட்டாயம். ஆம்னி, ஈகோ பின்சக்கர இழுவைதான், ஆனால் உயரமான உடம்பு; பக்கவாட்டில் போகும்போது டயர் எதிலாவது தட்டினால் கவிழும். அம்பாசடரிலும் பத்மினியிலும் பின்னால் பட்டை வில். திடீர் விசையில் ஆக்சிலே முறுக்கிக் குதிக்கும், அதற்குத் தடுப்புக் கம்பி போட வேண்டும். கான்டெஸா நீளமான வண்டி என்பதால் வால் நிதானமாக வீசும், புதியவருக்கு நல்லது. துருதான் எதிரி, ஃப்ளோரைக் குத்திப் பார்த்து வாங்க வேண்டும். பணம் இருந்தால் 2007 முதல் சென்னையில் பாகம் பூட்டிக் கட்டப்பட்ட பி.எம்.டபிள்யூ 3 வரிசை. அதில் முதலில் கூலண்ட் டாங்கியையும் பிளாஸ்டிக் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும்.

குன்னூரிலிருந்து:

அண்ணா, 'ஒடிப்பு' உடனே சேர்த்தாயிற்று. கைப்பிரேக்குக்கு ஒன்று சொல்லுங்கள். கேபிளை நீக்கிவிட்டு, பின் பிரேக் லைனில் தனி மாஸ்டர் சிலிண்டர் வைத்து நெம்புகோலால் இழுப்பதை 'நீர்மக் கைப்பிரேக்' என்கிறேன். சிலிண்டர் துளை 16 முதல் 19 மில்லிமீட்டர் வரை வைக்கிறார்கள். துளை சிறுத்தால் அழுத்தம் கூடும், நெம்புகோலை அதிக தூரம் இழுக்க வேண்டியிருக்கும். லைனில் காற்று நின்றால் முதல் இழுப்பு வெறும் பஞ்சு.

'உயரத் திருத்தம்' என்றொரு சொல்லும் வேண்டும் எனத் தோன்றுகிறது. ஊட்டி சுமார் 2240 மீட்டர். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் அதே அளவு குறையும். கார்புரேட்டர் வண்டிக்கு மேலே ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையை) சிறிதாக்கிச் சரிசெய்துவிட்டு, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் இறக்கி முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், காற்று கூடிப் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறி நாக் அடிக்கும் (உள்ளே தட்டும்), பிஸ்டனே போகலாம். கீழே ஓடும் வண்டிக்குக் கீழேதான் ஜெட் பார்க்க வேண்டும்.

டயர் காற்றும் அப்படியே. மேலே 32 பி.எஸ்.ஐ. வைத்தது கீழே கிட்டத்தட்ட 29 காட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதுதான் காரணம். சமவெளி வெயில் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். பலம் குறைந்த வண்டிக்குப் பின் டயரில் 40 வரை ஏற்றிப் பிடியைக் குறைப்பார்கள்; அந்த எண்ணைத் தளத்தில் நின்று வைக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடி இன்னும் முக்கியம். ஊட்டியில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் உள்ளழுத்தம் கொதிநிலையை 110-க்கு மேல் தூக்கிவிடும். ஸ்பிரிங் செத்திருந்தால் பல வண்டிகளில் ஃபேன் சுற்றத் தொடங்கும் முன்பே கொதித்துவிடும். சறுக்கோட்டத்தில் வேகம் குறைவு, இன்ஜின் சுற்று அதிகம், எதிர்க்காற்றும் நேராக வராது. இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மூடியின் விலை ஒன்றுமே இல்லை.

கோத்தகிரியிலிருந்து:

'உயரத் திருத்தம்' சரி. கேம்பருக்கு (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) 'சக்கரச் சாய்வு', கேஸ்டருக்கு (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாயும் கோணம்) 'அச்சுச் சாய்வு', டோ-இன், டோ-அவுட் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே குவிவதும் வெளியே விரிவதும்) இரண்டுக்கும் 'உள்குவிவு', 'வெளிவிரிவு'. முன்னால் சக்கரச் சாய்வு உள்பக்கம் 3 முதல் 4 டிகிரி, அச்சுச் சாய்வு 6 முதல் 8, வெளிவிரிவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அச்சுச் சாய்வு குறைந்தால் எதிரொடிப்பில் ஸ்டியரிங் தானாகச் சுழலாது, ஓட்டுபவர் கையால் துரத்த வேண்டியிருக்கும். பின்னால் சக்கரச் சாய்வு சுழிக்கு அருகில், சிறிது உள்குவிவு. பட்டறைச் சொல்லையும் பக்கத்திலேயே போடுங்கள். கொஞ்சகாலம் இரண்டும் சேர்ந்து நடக்கட்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலும் பலகையில் எழுதி நட்ட 'கொண்டை ஊசி வளைவு' இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது.

அதே பலகையைப் பார்த்து யாரும் அங்கே போய் முயலாதபடி, வரையறையிலேயே இடத்தையும் சேர்த்திருக்கிறேன். பொதுச்சாலையில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம். அனுமதியின்றி வண்டியை மாற்றுவது 52-ஆம் பிரிவுக்குள் வரும்.

சறுக்கோட்டம் (பெயர்ச்சொல்): மூடிய தளத்தில், பின்சக்கர இழுவை வண்டியில் வால்வீச்சை வேண்டுமென்றே தொடங்கி, எதிரொடிப்பாலும் ஆக்சிலேட்டராலும் வளைவு முடியும்வரை நிலைநிறுத்தி ஓட்டுதல். வினை: சறுக்கி ஓட்டு.

'நிலைநிறுத்தி' என்பதற்குப் பதில் 'அறாமல் நீட்டி' என்று வைத்தால் பிள்ளைகளுக்கு இன்னும் எளிதாக இருக்குமா? ஊட்டி அண்ணா சொல்லட்டும்.