கொங்ஸ்பெர்க் வெள்ளிக் கம்பி கறுத்துப் போச்சு, கழுவலாமோ?

ஒஸ்லோத்தம்பி:
வணக்கம் எல்லாருக்கும். போன கிழமை இங்க ஒரு லொப்பெமார்க்கட்டில (பள்ளிக்கூட பாண்டுக்குக் காசு சேர்க்கப் பழைய சாமான் விப்பினம்) நெருப்புப்பெட்டி அளவில ஒரு கல் எடுத்தனான், வெள்ளைக் கல்சைட்டுக்குள்ளால ஆட்டுக் கொம்பு மாதிரி வளைஞ்சு வெள்ளிக் கம்பி வருது, ஆனா முழுக்கக் கறுத்துப்போய்க் கிடக்கு. பெட்டிக்குள்ள மஞ்சளாப் போன துண்டு ஒண்டு, மையால கொங்ஸ்பெர்க் (நோர்வேயில முந்தி வெள்ளி எடுத்த ஊர்), கொங்கென்ஸ் குரூவ (அங்க இருந்த ஒரு சுரங்கத்தின்ர பேர்), 417 எண்டு எழுதியிருக்கு. அம்மா சொல்லுறா புளி போட்டு விளக்கினா குத்துவிளக்கு மாதிரி மினுங்குமாம். செய்யலாமோ?

கல்லுப்பித்தன்:
ஐயோ தம்பி புளிய கிட்டயே கொண்டு போகாதீங்க!! கல்சைட்னா சுண்ணாம்பு ஜாதி, புளி பட்டா அரிச்சிடும், கடையில விக்கிற சில்வர் டிப்பும் (வெள்ளிய முக்கி எடுத்து பளபளப்பாக்கற திரவம்) ஆசிட் தான், கடைசியில கம்பி மட்டும் தனியா கையில வந்துடும். அந்த கருப்பு வேற ஒண்ணுமில்ல, காத்துல இருக்கற கந்தகம் பட்டு வெள்ளி சல்பைடா மாறுது, நம்ம கொலுசு கறுக்கற மாதிரி. பழைய பீஸ்ல அது இருந்தா தான் மதிப்பு, பளபளன்னு தேய்ச்சு வச்சா வாங்கறவன் மூஞ்சிய திருப்பிக்குவான். அங்க 1623ல வெள்ளி கண்டுபிடிச்சு 1958ல சுரங்கத்தையே மூடிட்டாங்க, அதனால அந்த துண்டு சீட்டும் கல்லு மாதிரியே முக்கியம், தூக்கி போட்டுடாதீங்க. ரப்பர் பேண்டும் போடாதீங்க, அதுலயும் கந்தகம் இருக்கு.

சந்தேகப்பிராணி:
சீட்டு இருக்குன்னு உடனே நம்பிடாதீங்க ப்ரோ. நல்ல சீட்டுக்கு வேற கல்ல ஜோடி சேர்த்து விப்பாங்க, நானே அப்படி ஒருதடவை ஏமாந்தவன். அகாந்தைட்ட (வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) சூடு பண்ணி வெள்ளி கம்பி முளைக்க வச்சு பழசுன்னு தள்ளி விடறவங்களும் இருக்காங்க. லென்ஸ் வச்சு கம்பியோட அடிய பாருங்க, கல்சைட்டுக்குள்ள நிஜமாவே இறங்குதா இல்ல பசையா. அப்புறம் கல்ல திருப்புங்க, அந்த காலத்துல கல்லு சேகரிச்சவங்க அடியில குட்டியா நம்பர் எழுதி வைப்பாங்க, சீட்டுல இருக்கற நம்பரோட ஒத்துப் போகுதா?

ஒஸ்லோத்தம்பி:
லென்ஸ் இல்லை, போன் கமராவால பெருப்பிச்சுப் பாத்தன். கம்பி உள்ளுக்க தான் இறங்குது, பசை ஒண்டும் தெரியேல்லை. அடியில கடுகளவு வெள்ளைப் பெயின்ற், அதுக்கு மேல 41 மட்டும் தெரியுது, கடைசி இலக்கம் தேய்ஞ்சு போச்சு. 50 குரோனருக்கு எடுத்தது அண்ணா, இப்ப தொடவே கை நடுங்குது. கொங்ஸ்பெர்க்கிலயே சுரங்க மியூசியம் இருக்கு, சனிக்கிழமை கொண்டுபோய்க் காட்டுவம் எண்டு யோசிக்கிறன். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை, அவ புளி ஊறப்போட்டிட்டா.