மேட் திரையில் கீபோர்டு அச்சு: எதைக்கொண்டு துடைப்பது?

குன்னூர்வாசி:
லேப்டாப் திரையில் கீபோர்டு கட்டைகளின் அச்சு சதுரம் சதுரமாகப் பதிந்திருக்கிறது. பளபளப்பில்லாத மேட் திரை. உலர்ந்த துணியால் துடைத்தால் இழுசிக்கொண்டு மங்குகிறது. வீட்டில் நீலகிரித் தைலமும் ஜன்னல் கண்ணாடி ஸ்ப்ரேயும் இருக்கின்றன. ஸ்டிக்கர் பசையைத் தைலம் சுத்தமாக எடுத்துவிடுகிறதே, திரைக்கும் போடலாமா?

கோத்தகிரி சர்வீஸ்:
தைலம் வேண்டவே வேண்டாம். பசையைக் கரைக்கிற அந்தக் குணம்தான் இங்கே ஆபத்து. மேட் திரையின் மேல்பரப்பு பெரும்பாலும் கண்ணாடி இல்லை, பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் படலம். தைலமோ அம்மோனியா உள்ள ஸ்ப்ரேயோ அந்தப் பூச்சைக் கெடுத்தால் திட்டு நிரந்தரமாக நின்றுவிடும்.

ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். திரை இருட்டாக இருந்தால்தான் கறை தெரியும். முதலில் தூசியை மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழியுங்கள். மூடியின் பின்புறம் ஒரு கையைக் கொடுத்து, அழுத்தாமல் மேலிருந்து கீழாக இழுங்கள். உடனே உலர்ந்த இன்னொரு துணியால் ஒற்றுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து, துணியில் இரண்டு மூன்று சொட்டு போதும். ஆனால் உங்கள் மாடலின் கையேடு ஆல்கஹாலை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எதையும் திரைமேல் நேராக அடிக்காதீர்கள். வழியும் நீர் கீழ் விளிம்புக்குள் இறங்கும். பல பேனல்களில் சர்க்யூட் போர்டு அங்கேதான் இருக்கிறது. கோடு கோடாகத் தெரிய ஆரம்பித்தால் பேனலையே மாற்ற வேண்டி வரலாம்.

குன்னூர்வாசி:
நன்றி அண்ணா. டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஆகுமா?

ஊட்டி பனி:
காய்ந்ததும் உப்புப் புள்ளி வைக்கும். வண்டி பேட்டரி விற்கிற கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, நம் ஊர்க் குளிருக்கு முக்கியம். வெளியே சில்லிட்டுப்போன மெஷினைக் கணப்பு போட்ட அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால் திரையில் நீர் கோக்கும். அதே ஈரம் உள்ளேயும் படியலாம், அதைத் துடைக்க வழியில்லை. பையை மூடியபடியே ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

கோத்தகிரி சர்வீஸ்:
துடைத்த பிறகும் அச்சு போகவில்லையா? டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கோடு மின்னினால் அது எண்ணெய் இல்லை, கட்டைகள் உரசிய தேய்மானம். எந்தத் திரவமும் எடுக்காது. பைக்குள் மூடிமேல் கனமான புத்தகம் வைப்பதால் இது வரலாம். மூடும்போது மெல்லிய மைக்ரோஃபைபர் துணி ஒன்றை இடையில் விரிக்கலாம். தடித்த துணி கூடாது, பேனல் விரிசல் விடும்.