கண்கட்டுக்குக் கீழே தெரிந்த தரை

கொடுமைகளிலிருந்து உயிர்தப்பியவர்களிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று வெளிநாட்டில் இருந்துவந்த மூன்று பேர் பேசிக்கொண்டது.

சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் படித்தவர்:
லோந்த்ரெஸ் தெருவின் 38ஆம் எண் வீட்டை அங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சர்வாதிகாரி பினோசெட்டின் ரகசியப் போலீஸான டினா ஆட்களை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்த இடம். எங்கள் வகுப்புக்குச் சுற்றிக் காட்டிய பெரியவர் அங்கே அடைபட்டுக் கிடந்தவர். உள்ளே நுழைந்ததும் சுவரையோ மாடியையோ காட்டவில்லை, குனிந்து தரையைத்தான் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள். கண்ணைக் கட்டிய துணிக்குக் கீழே இருந்த இடுக்கில் அது மட்டும்தான் தெரியுமாம். உயிரோடு வெளியே வந்தவர்கள் அந்தத் தரையை வைத்துத்தான் வீட்டை அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். ராணுவம் பிற்பாடு கதவு எண்ணை 40 என்று மாற்றிக்கூடப் பார்த்தது.

அப்போது என் வகுப்புக்காரன் ஒருவன் கேட்டான்: "அடி தாங்காமல் யார் பெயரையாவது சொல்லிவிட்டீர்களா?"

பெரியவர் காலை ஒரு வெள்ளைக் கல்லிலிருந்து பக்கத்துக் கறுப்புக் கல்லுக்கு நகர்த்தி வைத்தார். "அடுத்த அறைக்குப் போகலாம்" என்றார். அவ்வளவுதான். இவன் கட்டுரையில் 'பதில் சொல்ல மறுத்தார்' என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த மாதிரி மனிதர்களிடம் எதையுமே கேட்கக் கூடாது.

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் படித்தவர்:
எதையுமே கேட்கக் கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்கார அம்மா குளியலறையில் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்திருப்பார். குழாயில்தான் வருகிறதே, எதற்கு என்று கேட்டேன். 1992இல் தொடங்கி 1996 வரை நீண்ட முற்றுகை, மலையிலிருந்து சுடுகிறவர்களுக்குப் பயந்து ஓடி ஓடிப் பீர் ஆலையில் தண்ணீர் பிடித்தது என்று நள்ளிரவு வரை பேசினார். "என் பேரன்கூட இதைக் கேட்டதில்லை" என்றார்.

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இருந்தவர்:
இரண்டு பேரும் வேறு வேறு கேள்விகளைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். கேனைப் பற்றிக் கேட்டால் அவர் விரும்பிய அளவுக்குச் சொல்லலாம். பெயர் சொன்னீர்களா என்பது விசாரணை அறைக் கேள்வி. அதே வீட்டில் அதே மனிதரிடம் அதையே உங்கள் வகுப்புக்காரன் திரும்பக் கேட்டிருக்கிறான்.

என் அனுபவம் சின்னது. 1994 இனப்படுகொலையை நினைவுகூர்ந்து ஏப்ரல் 7இல் தொடங்கும் துக்க வாரத்தில் என் ஆய்வகத் தோழி வரவில்லை. திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன், அவளாகவே அண்ணனைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னாள்.

ருவாண்டா போகிறவர்கள் யாரையும் எந்த இனம், ஹூட்டுவா டுட்ஸியா என்று கேட்காதீர்கள். 1994இல் சாலைத் தடுப்புகளில் அடையாள அட்டையில் இருந்த அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் கொன்றார்கள். பேசுகிறவர் முன்னால் போனை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள். கட்டுரை எழுதுவதானால் வரைவை முதலில் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை எடுத்துவிடுங்கள், மதிப்பெண் குறைந்தாலும் சரி.