145, 435 மெகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா: கால் அலை கிரவுண்ட் பிளேன் போதுமா?

கேள்வி:
மொட்டை மாடிக்கு ஹாம் ரேடியோவின் 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ்), 70 செ.மீ. (435 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகள் இரண்டிலும் வேலை செய்யும் ஆன்டெனா கட்டப் போகிறேன். எஸ்ஓ-239 சாக்கெட்டும் (கேபிள் மாட்டுவது) 3 மி.மீ. பித்தளைக் கம்பியும் இருக்கின்றன. கேபிள் ஆர்ஜி-58, 15 மீட்டர். அளவு சொல்லுங்கள் ஓஎம் (ஹாம் நண்பரே).

பதில் 1:
145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. 2 மீட்டருக்கு வெட்டிய கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு நீளம்) 70 செ.மீ.-இல் முக்கால் அலையாகிவிடும், இரண்டுக்கும் அதே சாக்கெட் போதும். நடுக்கம்பி கணக்குப்படி 49 செ.மீ.; 51-ஆக வெட்டிவிட்டு நறுக்கிக்கொண்டே வாருங்கள். 3 மி.மீ. குறைத்தால் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் ஏறும். ரேடியல் (அடியில் சுற்றிலும் நீட்டும் கம்பி) நான்கு, தலா 52 செ.மீ.; சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் எம்3 ஸ்குரூ போட்டு இறுக்கி, கீழே 45 டிகிரி சாயுங்கள். படுக்கையாக விட்டால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) 36 ஓம் பக்கம் நின்றுவிடும், சாய்த்தால்தான் கேபிளுக்கு ஏற்ற 50-ஐ நெருங்கும்.

சால்டர் வைக்கும்போது அடியில் ஒரு பிஎல்-259 பிளக்கை முறுக்கி வையுங்கள், நடுப்பின் சாயாது. மட்டமான சாக்கெட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். டெஃப்லான் வைத்ததே வாங்குங்கள்.

பதில் 2:
எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருத்தத்தின் அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) இறங்கிவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். முக்கால் அலைக் கம்பி 435-இல் சக்தியின் பெரும்பங்கை மேல்நோக்கி வீசும். தொலைவிலுள்ள ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) கொஞ்சம்தான் போகும். தலைக்கு மேல் போகும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அதுவே வசதி: அதிலுள்ள ரிப்பீட்டர் ஓடும்போது 437.800-இல் கேட்கலாம். டாப்ளர் விளைவால் (நகர்வதால் அதிர்வெண் மாறுவது) நெருங்கி வரும்போது 437.810, விலகும்போது 437.790. தினமும் 70 செ.மீ. ரிப்பீட்டர்தான் என்றால் 16.5 செ.மீ. கம்பியில் தனி ஆன்டெனா கட்டி டிப்ளெக்சர் (இரண்டு பேண்டையும் ஒரே கேபிளில் சேர்க்கும் கருவி) போடுங்கள்.

அதைவிட முக்கியம் கேபிள். 15 மீட்டர் ஆர்ஜி-58 435-இல் 5 டெசிபல் தின்றுவிடும். 5 வாட் கொடுத்தால் 2 வாட்கூட மேலே போய்ச் சேராது. திரும்பி வரும் சக்தியும் வழியிலேயே கரைவதால், மோசமான ஆன்டெனாவையும் கீழே இருக்கும் மீட்டர் நல்லதாகக் காட்டும். ஆன்டெனாவின் அடியிலேயே அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
நானோவிஎன்ஏ (ஆன்டெனா அளக்கும் சிறு கருவி) வைத்து அடியிலேயே அளந்தேன். 145.2-இல் எஸ்டபிள்யூஆர் 1.2. மேல் பேண்டில் பள்ளம் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம்) 441-இல் விழுகிறது, 435-இல் 2-ஐத் தாண்டுகிறது.

பதில் 1:
அப்படித்தான் வரும். கம்பி நுனியின் விளைவு கால் அலைக்கும் முக்கால் அலைக்கும் ஒரே அளவுதான், அதனால் மேல் பள்ளம் மூன்று மடங்குக்குச் சற்று மேலே விழும். நுனியில் 5 மி.மீ. நீளம் கூட்டுங்கள்: மேலே 437 பக்கம் வரும், கீழே 144-க்குச் சற்றுக் கீழே போகும். 2 மீட்டரில் பள்ளம் அகலமானது, 146 வரை தாங்கும். சாக்கெட்டின் மேல்பக்கம் சிலிகான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்காததைப் பார்த்து வாங்குங்கள். அந்த வாடை அடிக்கும் வகை செம்பையும் பித்தளையையும் அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும். 73 (வாழ்த்துகள்).